பதினொரு மணி ருசி

மேடையில் பேச முடியாது என்று சொல்லிவிட்டேன். எழுதித் தருகிறேன், பிடித்தால் யாராவது படியுங்கள் என்றேன். அடையாறில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களுக்கும் ஏமாற்றம். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மயிலாப்பூர் மருத்துவமனையில் இப்போது டயட்டீஷியன்களாக இருப்பவர்கள். குடலைப் பற்றி ஒருநாள் கூட்டம் நடத்துகிறார்களாம். அதில் பழைய ஆள் ஒருத்தி அரைமணி நேரம் அனுபவம் பேச வேண்டுமாம்.

அவர்களில் ஒருத்தி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். குடல் சுவர், அதை ஒட்டி நோய் எதிர்ப்பு அணுக்கள், அவற்றுக்கு நடுவே கொடி மாதிரி படர்ந்திருக்கும் நரம்பு. நாம் சாப்பிடுவதும் நரம்பு சொல்வதும் சேர்ந்துதான் அந்த அணுக்கள் சும்மா இருப்பதா, சண்டைக்குக் கிளம்புவதா என்பது முடிவாகிறதாம். "உங்க காலத்துல இதெல்லாம் தெரியாதுல்ல மேடம்?" என்று கேட்டாள். படிப்பில் தெரியாது. எனக்குத் தெரியவந்த விதம் வேறு. அதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. மேடை வேண்டாம் என்றதற்கு அதுதான் காரணம்.

நான் படித்து வேலைக்கு வந்த கதையில் சொல்ல ஒன்றுமில்லை. ஹோம் சயின்ஸ், அப்புறம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி, அப்புறம் கல்யாணம், அப்புறம் இந்த வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் தலைமை டயட்டீஷியன் ஆகிவிட்டேன். தலைமை என்றால் எனக்குக் கீழே ஒருத்தி இருந்தாள், அவளும் பாதி நாள் லீவு.

எங்கள் சமையலறை தரைத்தளத்தின் பின்பக்கம். காலை பதினொரு மணிக்கு நோயாளிகளின் மதியச் சாப்பாடு தள்ளுவண்டிகளில் ஏறும். அதற்கு முன்னால் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் டயட்டீஷியன் ருசி பார்க்க வேண்டும். உப்பில்லாத சாம்பாரில் நிஜமாகவே உப்பு இல்லையா, சர்க்கரை நோயாளியின் பொரியலில் யாராவது தாராளமாகத் தேங்காயைத் தூவிவிட்டார்களா, அறுவை சிகிச்சை முடிந்தவருக்கான கஞ்சி மூக்குக்குழாயில் இறங்கும் பதத்தில் இருக்கிறதா என்று. பாத்திரத்துக்கு ஒரு ஸ்பூன். ஒரு முறை வாயில் வைத்த ஸ்பூன் மறுபடி பாத்திரத்துக்குள் போகக் கூடாது. நான் தலையசைத்த பிறகுதான் மூடி போடுவார்கள். அந்தத் தலையசைப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சமையலறை வாசலில் ஒரு பலகை இருந்தது. 'வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கையில் புண் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது.' என் கையெழுத்தில் நானே பெயின்ட் அடித்து எழுதியது. அப்படி வந்த இரண்டு பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

குடல் பிரிவின் தலைவர் டாக்டர் பிலோமினா. சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே வாழ்ந்தவர். பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, கையில் எப்போதும் ஒரு பென்சில். அவர் நோயாளியிடம் கேள்வி கேட்கிற அழகை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மலத்தைப் பற்றிக் கேட்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்கிற குரலில், "ரத்தம் கலந்திருந்துச்சா, மேலாக இருந்துச்சா?" என்பார். பதில் சொல்லி முடித்த பிறகுதான் திரும்பி முகத்தைப் பார்ப்பார். என்ன சாப்பிடுவீர்கள் என்றும் கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்களாம். "நேத்து காலைல கண்ணு முழிச்சதுலேர்ந்து சொல்லுங்க" என்பார். குளித்தது, பால்காரனோடு சண்டை போட்டது, ஆபீஸில் திட்டு வாங்கியது எல்லாம் அதில் வரும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்.

அவர் அறையில் ஒரு வார்த்தைக்குத் தடை. ஒருமுறை பயிற்சி மருத்துவர் ஒருவர் காரணம் என்ற இடத்தில் 'டென்ஷன்' என்று எழுதிவிட்டார். டாக்டர் அதைப் பென்சிலால் அடித்தார். "இத எழுதினா நாம பாக்கறத நிறுத்திட்டோம்னு அர்த்தம். எந்த நேரத்துல, எங்க இருக்கும்போது, எந்த இடத்துல வலிக்குதுன்னு கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்.

இப்படிப்பட்டவருக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டு, அவர் வைத்தியம் பார்க்கிற வியாதியே எனக்கு வந்தபோது, நான் வாயே திறக்கவில்லை.

முதலில் சாதாரண வயிற்றுக்கோளாறு என்று நினைத்தேன். பிறகு மலத்தில் சளி. பிறகு ரத்தம். நான் முதலில் பயந்தது உயிருக்கு இல்லை, அந்தப் பலகைக்கு. தொற்று நோய் என்றால் நான் எழுதிய விதிப்படி நானே சமையலறைக்குள் நுழையக் கூடாது. இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு, மயிலாப்பூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தி.நகர் வரை போய், ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் வேறு பெயர் கொடுத்தேன். வழியில் தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றுவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கை நான் வேண்டிக்கொண்ட மாதிரி கபாலீஸ்வரரைக்கூட வேண்டிக்கொண்டதில்லை. முடிவில் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. அப்பாடா, யாருக்கும் ஒட்டாது என்று நிம்மதியாகி மறுநாளே வேலைக்குப் போனேன். ரத்தமும் சீழணுக்களும் இருப்பதாக அதே தாளில் எழுதியிருந்ததை மடித்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் சென்னை வேறு ஊராகிவிட்டது. எங்கே கழிப்பறை இருக்கிறது என்பதுதான் எனக்கு ஊர். பெண்களுக்கு அந்தக் காலத்தில் வெளியே எங்கே இருந்தது? பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி கோயில் பக்கம் ஒன்று, சாந்தோமில் தெரிந்த டீச்சர் இருக்கும் பள்ளிக்கூடம், தி.நகரில் பெரிய ஜவுளிக்கடையின் மேல்மாடி. ஜவுளிக்கடையில் சும்மா நுழைந்து சும்மா வெளியே வரக் கூச்சமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு பிளவுஸ் பிட் வாங்கிக்கொண்டு வருவேன்.

ஒருநாள் என் கணவர் பீரோவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஏண்டி, ஆத்துல பிளவுஸ் கடை ஏதாவது வெக்கப் போறியா?"

"தள்ளுபடில போட்டிருந்தான், வாங்கிண்டு வந்தேன்."

"இதுல பாதி நிறத்துக்கு உங்கிட்ட புடவையே கிடையாதே."

அவருக்கும் சொல்லவில்லை. ஊரெல்லாம் வந்து வயிற்றுக் கதையைச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டின கணவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. டயட்டீஷியனுக்கு வயிற்று வியாதி என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்?

சரி, நமக்குத்தான் தொழில் தெரியுமே என்று எனக்கு நானே பத்தியம் எழுதினேன். இந்த முட்டாள்தனத்தை டயட்டீஷியன் ஒருத்தியால்தான் இவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடியும். முதலில் பாலை நிறுத்தினேன். நாலு நாள் நன்றாக இருந்தது. ஆகா, பால்தான் குற்றவாளி. திரும்ப வந்தது. பருப்பை நிறுத்தினேன். மறுபடி நாலு நாள் நிம்மதி. பிறகு கீரை, அவரை, கத்தரிக்காய், பழம், தோல் உள்ளது, விதை உள்ளது என்று ஒவ்வொன்றாகத் தண்டனை கொடுத்துக்கொண்டே போனேன். குடல்புண் தானாகவே கொஞ்சம் அடங்கிக் கொஞ்சம் எழும் என்பது நான் படித்த பாடம்தான். கடைசியில் குழைந்த சாதம், மோர், இட்லி மட்டும் மிஞ்சின.

உடம்பு இளைத்தது. அதை எல்லாரும் பாராட்டினார்கள். எடை குறைக்க வந்த ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்கு அந்தப் பேப்பர்ல இருக்கற டயட் வேணாம் மேடம். நீங்க இன்னா சாப்புடறீங்களோ அத்த எழுதிக் குடுங்க" என்றாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழிப்பறைக்கு எழுந்து போனேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அவஸ்தை பதினொரு மணி. அந்த நேரத்துக்குச் சமையலறைப் படியில் கால் வைத்தால் போதும். வேகிற பருப்பும் பெருங்காயமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் அடிவயிறு சுருட்டிக்கொள்ளும். வாயில் ஒரு பருக்கை போட்டிருக்க மாட்டேன். வெறும் வயிற்றோடு வந்தாலும் அதே கதைதான். உள்ளே போய்த் தலையசைத்துவிட்டு ஓடுவேன். ருசி பார்ப்பதும் மெல்ல மெல்ல ஸ்பூனை உதட்டில் தொட்டு எடுப்பதாக ஆகிவிட்டது.

ஒருநாள் மாடிப்படியில் டாக்டர் பிலோமினா எதிரே வந்தார். வணக்கம் சொன்னேன். அவர் என் கன்னத்தில் கட்டைவிரலை வைத்துக் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்திருக்கும். அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் அறையிலிருந்து ஆள் வந்தது. புது கேஸ், டயட் ஹிஸ்டரி எடுக்க வேண்டும் என்று. நான் பேனாவும் தாளுமாகப் போனேன். உள்ளே டாக்டரைத் தவிர யாரும் இல்லை.

"பேஷண்ட் எங்க டாக்டர்?"

"உக்காரு" என்று நோயாளியின் நாற்காலியைக் காட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நேத்து காலைல கண்ணு முழிச்சதுலேர்ந்து சொல்லு."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்ததுதான் என்னை உடைத்தது. எத்தனையோ பேருக்கு அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு மரியாதை என்பது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேறு பெயர் கொடுத்ததைச் சொன்னேன், பிளவுஸ் பிட்டுகளையும் சொன்னேன். அதற்குக்கூட அவர் சிரிக்கவில்லை.

"பதினோரு மணிக்கு வருதுன்னு சொன்ன. ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துக்கு வராது டாக்டர்."

"வீட்டுல சாம்பார் வெக்கறதில்லையா?"

"வெக்கறோம். மத்தவாளுக்கு."

"வாசனை வரும்ல?"

"வரும்."

"அப்ப ஒண்ணும் ஆகாது?"

யோசித்தேன். ஆனதில்லை.

"அப்ப சாம்பார் மேல குத்தம் இல்ல" என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

"டென்ஷன்தானா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த வார்த்த வேணாம். வியாதி நிஜமான வியாதி. நாளைக்கு உள்ள பாக்கப் போறோம்."

மறுநாள் எனிமா கொடுத்து, இடது பக்கமாகப் படுக்க வைத்து, முழங்காலை மார்போடு மடக்கச் சொன்னார்கள். இந்த மேஜைக்கு வரும் நோயாளிகளிடம், 'வெட்கப்படாதீங்க, இங்க எல்லாரும் டாக்டர்தான்' என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என்ன பைத்தியக்காரப் பேச்சு. அந்த அறையின் டெக்னீஷியன் என்னோடு உட்கார்ந்து மதியம் சாப்பிடுகிறவர். டாக்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு நர்ஸை மட்டும் வைத்துக்கொண்டார். குளிர்ந்த ஜெல்லி, பிறகு குழாய், பிறகு காற்று உப்பிக்கொண்டு ஏறுவது. ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் டாக்டர் சொன்னார். "இப்ப காத்து விடறேன். இப்ப ஒரு வளைவு, வலிக்கும்." அப்போது டி.வி. திரை எல்லாம் எங்களிடம் இல்லை. கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாணவர்களுக்காக அதில் இரண்டாவதாக ஒரு பார்வைக்குழல் மாட்டுவார்கள். டாக்டர் அதை என் பக்கம் வளைத்துக் கொடுத்தார்.

"நீயே பாரு. தெரிஞ்சுக்கோ."

பார்த்தேன். கீழே விழுந்து தேய்த்துக்கொண்ட குழந்தையின் முழங்கால் மாதிரி இருந்தது. குழாய் பட்ட இடமெல்லாம் ரத்தம் துளிர்த்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனை மாதம் மாடிப்படி ஏறி இறங்கினேன் என்று என் மேலேயே பரிதாபமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் அறையில் உட்கார வைத்துப் பேசினார். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "குடல் சுவர் பூரா காவல்காரங்க நிக்கறாங்க வசந்தா. யாரு நம்ம ஆளு, யாரு திருடன்னு பாத்துக்கிட்டே இருக்கணும், அதான் அவங்க வேல. நரம்பு அவங்க பக்கத்துலயே ஓடுது. தினமும் ஒரே நேரத்துக்கு நரம்பு 'ஆபத்து, ஆபத்து'ன்னு கத்தினா அவங்க தடியத் தூக்கிட்டு நிப்பாங்க. அப்புறம் வர்றவன் போறவனையெல்லாம் அடிப்பாங்க. வியாதி அதனால வந்துதுன்னு நான் சொல்லல. ஆறவிடாம பண்ணுதுன்னு நினைக்கறேன். நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் கிடையாது."

"சாப்பாடு?"

"அதுல நீ பண்ணது பெரிய அநியாயம். ரொம்ப மோசமா இருக்கும்போது கொஞ்ச நாளைக்கு நார் கம்மி பண்ணலாம். நீ மாசக்கணக்கா அடியோட நிறுத்திட்ட. காய்கறில நமக்குச் செரிக்காத நாரைத்தான் உள்ள இருக்கற நல்ல கிருமிங்க சாப்பிடுது. அது தர்றதுல இருந்துதான் அந்தச் சுவருக்கே சோறு. அந்தக் காவல்காரங்களையும் அதுதான் சாந்தமா வெச்சிருக்குன்னு தோணுது. நீ உன்னை மட்டும் பட்டினி போடல. உள்ள குடியிருக்கறவங்க எல்லாரையும் போட்டுட்ட."

அந்தப் பெண் கைபேசியில் காட்டிய படத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். டாக்டர் பிலோமினா அதைப் பார்க்க இல்லாமல் போய்விட்டார்.

ஸ்டீராய்டு மாத்திரையும் சல்ஃபா மாத்திரையும் கொடுத்தார். கணவரிடம் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ரத்தம் நின்றதும், குழைய வேகவைத்த பூசணி, பிறகு கேரட், பிறகு பாசிப்பருப்பு என்று ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வந்தன. மாத்திரையில் முகம் உப்பியது. 'நல்லா பூசினாப்ல இருக்கீங்க' என்றார்கள். ஒரு மாதம் லீவில் இருந்துவிட்டு, வேலைக்குத் திரும்பும் முன்னால், டாக்டரிடம் போனேன்.

"என்னை சமையலறைக்கு மட்டும் அனுப்பாதீங்க டாக்டர். அந்த வேலைய இன்னொருத்திக்குக் குடுத்துடுங்க."

"இது தொத்தற வியாதி இல்லைன்னு சூப்பிரண்டுக்கு எழுதியாச்சு. கீழ போ. பதினோரு மணிக்கே போ. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீ பயப்படற வரைக்கும் அந்தப் படியில உனக்கு வயித்தக் கலக்கும். அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லிடு."

"எப்படிச் சொல்றது?"

"பேஷண்ட்டுங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படி."

போனேன். படியில் கால் வைத்ததும் அதே வாசனை, அதே சுருட்டல். கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். சமையல் மாஸ்டர் ஸ்பூன்களை நீட்டினார். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நிஜமாகவே ருசி பார்த்தேன், உப்பில்லாத சாம்பார், பொரியல், கஞ்சி எல்லாம். கஞ்சியை ருசி பார்க்கும்போது தாங்க முடியாமல் போய்விட்டது.

ஸ்பூனைக் கீழே வைத்தேன். "எனக்கு இப்ப பாத்ரூம் போகணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "எனக்குக் குடல்ல புண் இருக்கு. அடிக்கடி போகணும். யாருக்கும் ஒட்டாது. டாக்டர் பாத்துட்டார்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. தட்டு அடுக்கும் கன்னியம்மா கையை நிறுத்தாமல், "போய்ட்டு வாங்க டயட்டம்மா. காலியாத்தான் கீது" என்றாள்.

சமையலறைப் பெண்களுக்குப் பின்கட்டில் ஒரே ஒரு கழிப்பறை. மாடியில் இருப்பதில் நர்ஸுகள் பார்ப்பார்கள் என்று நான் அதைத்தான் பயன்படுத்தி வந்தேன். நான் போகும்போதெல்லாம் அது காலியாகவே இருக்கும். வண்டி ஏற்றும் நேரம், யாருக்கும் போக நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"காலியா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பதினோரு மணிக்கு வருவீங்கன்னு அந்த நேரத்துக்கு யாரும் போவறதில்ல. இன்னிக்கா, நேத்தா, எம்மா நாளா அப்டிதானே போய்க்கினு கீது. இப்ப போங்க, நிக்காதீங்க."

உள்ளே போய்த் தாழ் போட்டேன். உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் லீவில் போவதற்குச் சில வாரங்களுக்கு முன் கன்னியம்மா என் அறைக்கு வந்திருந்தாள். நீர்க்கடுப்பு, தாங்க முடியவில்லை, என்ன சாப்பிடலாம் என்று கேட்டாள். பார்லித் தண்ணீர் எழுதிக் கொடுத்தேன். கூடவே நன்றாகத் திட்டினேன். "காலைல வந்ததுலேர்ந்து அடக்கி வெச்சா எரியாம என்ன செய்யும்? இதுல என்ன வெட்கம் உனக்கு? வந்தா போக வேண்டியதுதானே." அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சின்ன அறையில் என் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன். குடலைப் பற்றி அவ்வளவு நாள் பட்ட வெட்கமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அவளிடம் என்ன சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வார்த்தை கோத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக் கைகழுவிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

வாசலிலேயே கன்னியம்மா புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். "தள்ளிக்கங்கமா" என்று என்னை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.